பொருளுக்கும் பிறப்புப் பார்த்தார்கள்!

கனிம வேதியியல் என்றதும் நம் இளைஞர் பலருக்கு நினைவில் எழுவது தேர்வுக்கூடம். நெட்டுருப் போட்ட வாய்பாடுகள், நாவில் உருளாத பெயர்கள், மதிப்பெண் பட்டியல், அவ்வளவே! அந்தப் பெயர்கள் ஏன் அப்படி அமைந்தன, அமைத்தவர் எவர், எதை எதிர்த்து அமைத்தனர் என்பதைத் தேர்வுத் தாள் கேட்பதில்லை. கேட்காததால் நாமும் தேடுவதில்லை.

ஆனால் அந்தப் பெயர்களின் பின்னே ஒரு நெடும்போர் நடந்திருக்கிறது. மறைத்துப் பேசியோருக்கும் திறந்து பேசியோருக்கும் நடந்த போர் அது. ஒரு பொருள் எங்கே பிறந்தது என்று கேட்டோருக்கும், எதனால் ஆனது என்று கேட்டோருக்கும் நடந்த போர் அது. மனிதனிடம் மட்டுமா பிறப்புச் சான்று கேட்டார்கள்? உப்பிடம் கேட்டார்கள். சர்க்கரையிடம் கேட்டார்கள். சிறுநீரில் கிடைக்கும் ஒரு வெள்ளைப் பொடியிடமும் கேட்டார்கள்! அந்தக் கேள்வி ஆய்வுக்கூடத்தில் தோற்ற கதையைப் பகுத்தறிவாளர் அறிந்திருத்தல் வேண்டும்.

முதலில் சொல்லின் பொருளைக் காண்போம். வேதியியல் என்ற சொல்லைக் கேட்டதும், ‘இதிலும் வேதியர் வந்துவிட்டாரோ!’ என ஐயுறும் தோழர்கள் உண்டு. அஞ்ச வேண்டாம். வேதித்தல் என்றால் மாற்றுதல், வேறாக்குதல் என்று பொருள். ஒரு பொருள் மற்றொன்றாக மாறுவதை ஆராயும் இயல், வேதியியல். அதன் பெரும்பிரிவுகள் இரண்டு. கரியை, அதாவது கார்பனை, அடிப்படையாகக் கொண்ட எண்ணற்ற சேர்மங்களைப் பேசுவது கரிம வேதியியல். உலோகங்கள், உப்புகள், பாறை, களிமண், கண்ணாடி, சிமிட்டி, காற்றிலுள்ள வளிகள் என எஞ்சியவற்றைப் பேசுவது கனிம வேதியியல்.

ஆங்கிலத்தில் முன்னதை ஆர்கானிக் என்றும் பின்னதை இன்ஆர்கானிக் என்றும் வழங்குவர். ஆர்கன் என்றால் உறுப்பு. உறுப்புடைய உயிர்களிடமிருந்து வந்தது ஒன்று; அப்படி வாராதது மற்றொன்று. இன்ஆர்கானிக் என்ற பெயர் தன் பொருளை ‘இது இன்னது’ என்று சொல்லவில்லை. ‘இது உயிர்க்குலத்தில் பிறக்காதது’ என்று சொல்கிறது. குணத்தைக் கூறாமல் குலத்தைக் கூறும் பெயர்! இந்தப் பெயர் எப்படி வந்தது, எப்படிப் பொருளிழந்தது என்பதே நம் கதை. ஆனால் அதற்கு முன், வேதிப்பொருள்களுக்குப் பெயர் வைத்த முறையையே ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும்.

மறைப்பதற்கென்றே பிறந்த பெயர்கள்

பழைய ஐரோப்பிய இரசவாதிகள் ஏழு உலோகங்களை அறிந்திருந்தனர். வானில் அலையும் கோள்கள் எனக் கருதப்பட்டவையும் ஏழு. விடுவார்களா? பொன்னுக்கு ஞாயிறு, வெள்ளிக்குத் திங்கள், இரும்புக்குச் செவ்வாய், செம்புக்கு வெள்ளிக்கோள், வெள்ளீயத்துக்கு வியாழன், காரீயத்துக்குச் சனி, பாதரசத்துக்குப் புதன் என்று முடிச்சுப் போட்டார்கள். சோதிடம் உலைக்களத்துக்குள்ளும் புகுந்தது. ஆங்கிலத்தில் பாதரசத்தை மெர்க்குரி என்று வழங்குவது அந்த முடிச்சின் மிச்சமே. புதன் கோளின் பெயரும் அதுதானே!

கூட்டுப்பொருள்களின் பெயர்களோ இன்னும் வேடிக்கை. ஆன்டிமனி வெண்ணெய், துத்தநாகப் பூ, கந்தக ஈரல், காரீயச் சர்க்கரை! ஈயத்தைப் புளிக்காடியின் அமிலத்தோடு சேர்த்தால் உண்டாகும் உப்பு இனிக்கும். ஆகவே சர்க்கரை என்றார்கள். அது நஞ்சு. பெயர் இனிப்பைச் சொன்னது, நஞ்சைச் சொல்லவில்லை.

நம் நாட்டிலும் இதே கதைதான். சித்தர் நூல்களின் பரிபாடை புகழ் பெற்றது. ஒரு பொருளுக்குப் பல பெயர். ஒரு பெயருக்குப் பல பொருள். குரு வாய் திறந்தால்தான் விளங்கும். இரசவாத நூல்கள் பாதரசத்தைச் சிவனோடும் கந்தகத்தைச் சக்தியோடும் இணைத்துப் பேசின. இவ்விரண்டும் கூடிய சிவந்த கனிமத்துக்குத் தமிழில் வழங்கிய பெயர் என்ன தெரியுமா? சாதிலிங்கம்! வேதியியல் அதைக் கையில் எடுத்தது, காய்ச்சியது, பிரித்தது, எடை போட்டது. பாதரச சல்ஃபைடு என்று பெயர் சூட்டியது. சாதியும் போயிற்று, லிங்கமும் போயிற்று. பாதரசமும் கந்தகமும் எஞ்சின.

பழையோர் அறிவிலிகள் என்று நாம் சொல்லவில்லை. மயில்துத்தம், அன்னபேதி, படிகாரம், வெங்காரம், நவச்சாரம், வெடியுப்பு ஆகியவற்றை இனங்கண்டு பயன்கொண்டவர்கள் கூர்த்த கண்ணும் தேர்ந்த கையும் உடையவர்கள். குறை கையில் இல்லை. அறிவைப் பூட்டி வைத்த முறையில் இருந்தது. மயில்துத்தமும் அன்னபேதியும் நெருங்கிய உறவுடையவை என்பதை அந்தப் பெயர்களைக் கேட்டு எவரால் சொல்ல முடியும்?

தராசு தந்த தீர்ப்பு

பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பிய வேதியியலை ஆண்டது ஃபிளாஜிஸ்டன் என்ற கற்பனை. எரியும் பொருளிலெல்லாம் அது உறைகிறதாம், எரியும்போது வெளியேறுகிறதாம். கண்டவர் இல்லை, பிடித்தவர் இல்லை, ஆயினும் நம்பினர். உலோகத்தைக் காற்றில் சுட்டால் எடை கூடுகிறதே, வெளியேறியது ஒன்று இருந்தால் எடை குறையத்தானே வேண்டும் என்று கேட்டதற்கு, ‘ஃபிளாஜிஸ்டனுக்கு எதிர்மறை எடை’ என்று விடை கூறியோரும் இருந்தனர். புராணத்துக்கு உரை எழுதுவோர் எந்த நாட்டிலும் உண்டு!

1774-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள், இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி, சிவந்த பாதரசச் சுண்ணத்தை ஒரு பெரிய கண்ணாடி வில்லையால் வெயிலைக் குவித்துச் சூடாக்கினார். அதிலிருந்து ஒரு வளி கிளம்பியது. அதில் மெழுகுவத்தி சுடர்விட்டு எரிந்தது. சுவீடனில் மருந்துக்கடை நடத்திய கார்ல் ஷீலே அதற்கு முன்பே அதே வளியைக் கண்டிருந்தார். அவருடைய நூல் 1777-இல்தான் வெளிவந்தது. ஷீலே அதை நெருப்புக் காற்று என்றார். பிரீஸ்ட்லி ‘ஃபிளாஜிஸ்டன் நீங்கிய காற்று’ என்றார். கையில் இருந்தது உண்மை. வாயில் வந்தது பழைய நம்பிக்கை.

பாரிசில் இருந்த அந்துவான் இலவாசியே தராசை நம்பினார். மூடிய கலத்தில் பாதரசத்தைப் பன்னிரண்டு நாள் விடாமல் சூடாக்கினார். பாதரசத்தின் மேல் செந்நிறத் துகள் படர்ந்தது. கலத்திலிருந்த காற்றின் அளவு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்தது. அந்தத் துகளை எடுத்து மீண்டும் சூடாக்கினார். குறைந்த வளி திரும்பி வந்தது. எரிதல் என்பது ஒன்றை இழப்பதன்று; காற்றின் ஒரு பகுதியோடு கூடுவது! ஃபிளாஜிஸ்டன் தேவையற்றுப் போயிற்று.

இந்த முடிவு நமக்குத் தரும் பாடம் ஒன்று உண்டு. சைவ சித்தாந்திகள் உயிரையும் ஆணவ மலத்தையும் விளக்கும்போது செம்பையும் களிம்பையும் உவமை காட்டுவர். செம்பில் களிம்பு உடன்பிறந்தது போல உயிரோடு அழுக்கு உடன்பிறந்தது என்பர். பல நூற்றாண்டுகள் மேடைதோறும் முழங்கிய உவமை! வேதியியலைக் கேளுங்கள். களிம்பு செம்போடு பிறந்ததன்று. காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஈரமும் கரியமில வாயுவும் செம்பின் மேல் பட்டு உண்டாக்கிய பச்சைப் படலம் அது. தூய செம்பை ஈரமும் காற்றும் படாமல் மூடி வையுங்கள். எத்தனை ஆண்டானாலும் அந்தப் பச்சை ஏறாது. துருவும் இரும்போடு பிறந்ததன்று. அழுக்கு வெளியிலிருந்து வந்தது, சூழல் தந்தது, ஆகவே நீக்கக் கூடியது, தடுக்கக் கூடியது. பிறவி இழிவு என்று நம் மக்களில் பெரும்பாலோர்மேல் பூசப்பட்ட களிம்பும் இப்படி வந்ததுதான் அல்லவா?

பெயர்ச் சீர்திருத்தம்: 1787

புதுக் கருத்தைப் பழைய சொல்லில் ஊற்றினால் புளித்துவிடும் என்பதை உணர்ந்தவர் கித்தோன் தெ மொர்வோ. அவர் வேதியியலைக் குலத்தொழிலாகக் கொண்டவர் அல்லர். தீஜோன் நகரத்து வழக்கறிஞர்! 1782-இல் அவர் பெயர்ச் சீர்திருத்தத்துக்கு வழி வகுத்தார். பின்னர் இலவாசியே, பெர்த்தொலே, ஃபூர்க்ருவா மூவரும் அவரோடு சேர்ந்தனர். 1787-இல் நால்வரும் ‘வேதிப் பெயரிடு முறை’ என்ற நூலை வெளியிட்டனர்.

அவர்கள் வகுத்த நெறி எளியது. மேலும் பிரிக்க முடியாத தனிமத்துக்கு ஒரு தனிப்பெயர். கூட்டுப்பொருளுக்கு அதன் உறுப்புகளைச் சொல்லும் இணைப்பெயர். அளவு வேறுபட்டால் சொல்லின் ஈறு வேறுபட வேண்டும். ஆக்சிஜன் மிகுதியாகக் கூடிய கந்தக அமிலம் சல்ஃபியூரிக். குறைவாகக் கூடியது சல்ஃபியூரஸ். முன்னது தரும் உப்பு சல்ஃபேட்டு. பின்னது தரும் உப்பு சல்ஃபைட்டு. ஆக்சிஜனின்றிக் கந்தகமும் உலோகமும் மட்டும் கூடினால், இன்று சல்ஃபைடு என்கிறோம். ஒரு சிறு ஈற்றில் ஒரு பொருளின் வரலாறே அடங்கிவிட்டது!

இப்போது மயில்துத்தத்தைப் பாருங்கள்: செம்பு சல்ஃபேட்டு. அன்னபேதி: இரும்பு சல்ஃபேட்டு. வெள்ளைத் துத்தம்: துத்தநாக சல்ஃபேட்டு. நீலமும் பச்சையும் வெண்மையுமாக ஒன்றையொன்று அறியாமல் நின்ற மூன்றும் ஒரே குடும்பம் என்பது பெயரிலேயே தெரிகிறது. குருவின் காதோரச் சொல் தேவையில்லை. பெயரை அறிந்தவன் பொருளை அறிவான். ஒன்றைக் கற்றவன் ஒன்பதை ஊகிப்பான். அறிவு பொதுவுடைமையாயிற்று.

1789-இல் இலவாசியே தம் பெருநூலை வெளியிட்டார். அதன் படங்களை வரைந்தவர் அவர் துணைவியார் மரி ஆன். ஆங்கிலம் கற்று, ஃபிளாஜிஸ்டனை ஆதரித்து எழுதப்பட்ட நூலைப் பிரெஞ்சில் பெயர்த்து, அதை மறுக்க வழி செய்தவரும் அவரே. ஆய்வுக்கூடத்தில் பெண்ணுக்கு என்ன வேலை என்று கேட்ட காலத்தில், அந்த வேலையைச் செய்து காட்டியவர்.

பின்னர், சுவீடன் நாட்டுப் பெர்சீலியஸ் 1813, 1814-ஆம் ஆண்டுகளில் தனிமங்களின் இலத்தீன் பெயர்களினின்று ஓரெழுத்து, ஈரெழுத்துக் குறியீடுகளை வகுத்தார். அவற்றைத் தழுவியே இன்று உலகெங்கும் எழுதுகின்றனர். 1919-இல் வேதியியலாளரின் பன்னாட்டு ஒன்றியம் தோன்றியது. இன்று அறியப்பட்ட தனிமங்கள் 118. கடைசியாக நான்கு தனிமங்களுக்கு 2016-இல் அந்த ஒன்றியம் பெயர்களை ஏற்றபோது, முன்மொழிவை ஐந்து மாதம் உலகின் முன் வைத்துக் கருத்துக் கேட்டது. பெயர் வைப்பதிலும் சனநாயகம்!

சீர்திருத்தக்காரரும் தவறலாம்

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இலவாசியேயைப் புதிய குருவாக்கிப் பூசை செய்வதற்கன்று இதை எழுதுவது. ஆக்சிஜன் என்ற பெயரை அமைத்தவர் அவரே. கிரேக்கச் சொற்களிலிருந்து ஆக்கிய அப்பெயருக்கு ‘அமிலத்தைப் பிறப்பிப்பது’ என்று பொருள். எல்லா அமிலத்திலும் ஆக்சிஜன் இருந்தே தீரும் என அவர் கருதினார். அது பிழை.

உப்பிலிருந்து எடுக்கும் அமிலத்தையும், அதனோடு தொடர்புடைய பச்சை மஞ்சள் வளியையும் அவர் வழியினர் ஆக்சிஜன் அடங்கியவை என்றே எண்ணினர். அந்த வளிக்கு ஆக்சிமியூரியாட்டிக் அமிலம் என்று பெயருமிட்டனர். இங்கிலாந்தின் ஹம்ஃப்ரி டேவி அதில் ஆக்சிஜனைப் பிரித்தெடுக்க முயன்றார், வரவில்லை. இல்லாதது எப்படி வரும்? அது ஒரு தனிமமே என்று 1810-இல் அறிவித்தார். உப்பு அமிலத்தில் அந்தத் தனிமமும் ஹைட்ரஜனும் மட்டுமே உள்ளன, ஆக்சிஜன் இல்லை. புதிய தனிமத்துக்குக் குளோரின் என்று பெயரிட்டார்; வெளிர்பச்சை நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது அது. கண்ட நிறத்தைச் சொன்னார். காணாத கோட்பாட்டைப் பெயருக்குள் புகுத்தவில்லை.

நைட்ரஜனுக்கு அந்த நால்வர் இட்ட பெயர் அசோட். ‘உயிர் இல்லாதது’ என்பது அதன் பொருள். அந்த வளியில் எலி மூச்சடைத்துச் செத்ததால் வந்த பெயர். ஆனால் நம் தசையிலும் குருதியிலும் உள்ள புரதம் அனைத்திலும் நைட்ரஜன் உண்டு. உயிரற்றது என்று பெயர் பெற்றது இல்லாமல் உயிரே இல்லை! பிரெஞ்சு மொழியில் இன்றும் அந்தப் பெயரே வழங்குகிறது.

பெயர் நிற்கிறது, பிழை திருத்தப்பட்டுவிட்டது. இதுதான் அறிவியலுக்கும் வேதத்துக்கும் உள்ள வேறுபாடு. இலவாசியே சொன்னார் என்பதற்காக டேவி வாய் பொத்தி நிற்கவில்லை. இலவாசியேயின் சிறப்பும் அதனால் குறையவில்லை. அவர் மன்னராட்சியின் வரிக் குத்தகைக் கூட்டத்தில் பங்கு கொண்டிருந்தார்; அதன் பொருட்டு 1794 மே 8-ஆம் நாள் புரட்சியின் வெட்டுக்கத்திக்கு இரையானார். பிரீஸ்ட்லியோ அரசுத் திருச்சபைக்கு அடங்காதவர், பிரெஞ்சுப் புரட்சியை ஆதரித்தவர். 1791-இல் ‘மதமும் மன்னனும் வாழ்க’ என்று கூவிய கும்பல் பர்மிங்காமில் அவர் வீட்டையும் ஆய்வுக்கூடத்தையும் கொளுத்தியது. மனிதர் வரலாறு சிக்கலானது. ஆராய்ந்து கொள்வது நம் கடன், வழிபடுவது அன்று.

பிறப்பால் பிரித்தார்கள்

இனி, தொடக்கத்தில் கண்ட அந்தப் பெயருக்கு வருவோம். 1675-இல் நிக்கொலா லெமெரி எழுதிய வேதியியல் நூல் பொருள்களைக் கனிமம், தாவரம், விலங்கு என்று மூன்றாக வகுத்தது. கிடைத்த இடத்தைச் சொல்லும் வகைப்பாடு, அவ்வளவில் தீங்கில்லை. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது தத்துவமாக வளர்ந்தது. உயிரினத்துள் ‘உயிர் ஆற்றல்’ என்ற ஒன்று இருக்கிறதாம். சர்க்கரையையும் கொழுப்பையும் யூரியாவையும் அதனால் மட்டுமே ஆக்க முடியுமாம். மனிதன் தன் குடுவையில் உப்பையும் துருவையும் செய்யலாம். உயிர்ப்பொருளைச் செய்ய முடியாதாம். ஆர்கானிக் வேதியியல் என்ற பெயரை வழக்கில் நிறுத்திய பெர்சீலியசும் இதை நம்பினார். ஒன்று உயர்பிறப்பு, மற்றொன்று தாழ்பிறப்பு. இடையே தாண்ட முடியாத கோடு. இதைக் கேட்கும்போது நமக்கு வேறு ஏதோ நினைவு வருகிறதன்றோ?

அந்தக் கோட்டைத் தாண்டியவர் ஃபிரீட்ரிஷ் வோலர். பெர்சீலியசிடம் பயின்ற மாணவர், பெர்லினில் ஒரு தொழிற்பள்ளியின் ஆசிரியர், வயது இருபத்தேழு. வெள்ளி சயனேட்டு என்ற உப்பையும் நம் கடைத்தெருவில் கிடைக்கும் நவச்சாரத்தையும் சேர்த்து அம்மோனியம் சயனேட்டு என்ற உப்பை ஆக்க முயன்றார். கிடைத்ததோ வேறொரு வெண்படிகம். ஆராய்ந்தார். யூரியா! சிறுநீரில் காணப்படும் அதே பொருள். 1828-இல் தம் ஆசானுக்கு மடல் எழுதினார். மனிதனின் சிறுநீரகமோ நாயின் சிறுநீரகமோ இல்லாமலே யூரியாவை ஆக்க முடிகிறது என்று அதில் களிப்போடு தெரிவித்தார்.

உடலில் பிறந்த யூரியாவும் குடுவையில் பிறந்த யூரியாவும் ஒன்றே. நிறுத்துப் பாருங்கள், சுவைத்துப் பாருங்கள், எரித்துப் பாருங்கள். எந்தச் சோதனையும் ‘இது உயர்பிறப்பு, அது தாழ்பிறப்பு’ என்று சொல்லாது. இன்று நம் உழவர் வயலில் தூவும் யூரியா, ஆலையில் அம்மோனியாவையும் கரியமில வாயுவையும் கூட்டி ஆக்கப்பட்டது. நெற்பயிர் அதனிடம் பிறப்புச் சான்று கேட்கிறதா?

ஒரே நாளில் உயிர் ஆற்றல் கொள்கை செத்துவிட்டதென்று கதை கட்டுவோரும் உண்டு, அது உண்மையன்று. வோலர் எடுத்துக்கொண்ட சயனேட்டே அக்காலத்தில் விலங்குப் பொருளிலிருந்து வந்ததுதானே என்று தடை எழுப்பினர். மூடநம்பிக்கை ஓர் அடியில் சாய்வதில்லை. 1845-இல் கோல்பே தனிமங்களிலிருந்தே படிப்படியாகப் புளிக்காடியின் அமிலத்தை ஆக்கினார். பிரான்சின் பெர்த்தலோ தொடர்ந்து பல பொருள்களை ஆக்கினார். 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கெக்குலே ஆர்கானிக் வேதியியலை ‘கார்பன் சேர்மங்களின் வேதியியல்’ என்று வரையறுத்தார். பெயர் பழையது, பொருள் புதியது. எங்கே பிறந்தாய் என்ற கேள்வி ஒழிந்தது. எதனால் ஆனாய் என்ற கேள்வி நின்றது.

இருபத்தாறு வயது இளைஞர்

கார்பனுக்கு இன்னொரு தனிச்சிறப்பும் பேசப்பட்டது. சில சேர்மங்கள் இடக்கையும் வலக்கையும் போல ஒன்றுக்கொன்று ஆடி வடிவாக அமையும். ஒளியின் அதிர்வுத் தளத்தை ஒன்று இடப்புறமும் மற்றொன்று வலப்புறமும் திருப்பும். கார்பன் இல்லாமல் இது நிகழாது என்று பலர் எண்ணினர்.

அக்காலத்தில் கோபால்டு என்ற உலோகம் அம்மோனியாவோடு கூடித் தரும் உப்புகளை நிறத்தால் பெயரிட்டு வைத்திருந்தனர்: மஞ்சளுக்கு லூட்டியோ, கருஞ்சிவப்புக்குப் பர்பூரியோ, பச்சைக்குப் பிராசியோ, ஊதாவுக்கு வயலியோ. நிறம் அடையாளம் காட்டும், உறவைக் காட்டாது. ஏன் இந்த நிறங்கள் என்பதற்கு விடையில்லை. 1893-இல் ஆல்ஃபிரட் வெர்னர், தம் இருபத்தாறாம் வயதில், விடை தந்தார். நடுவில் உலோக அணு. அதைச் சூழ ஆறு இடங்கள். எது எந்த இடத்தில் அமர்கிறது என்பதே நிறத்தையும் குணத்தையும் வேறுபடுத்துகிறது என்றார். பச்சையும் ஊதாவும் ஒரே உறுப்புகள் இடம் மாறி அமர்ந்தவை! மூத்த அறிஞர் யோர்கென்சன் மறுத்தார். வெர்னர் ஊகித்த ஊதா உப்பை 1907-இல் ஆக்கிக் காட்டியபோது அவரும் ஒப்புக்கொண்டார். 1914-இல் வெர்னர், ஓர் அணு கார்பனும் இல்லாத கோபால்டு சேர்மத்தை இடம், வலம் எனப் பிரித்துக் காட்டினார். கார்பனின் தனியுரிமை முடிந்தது.

இன்றைய அறிவோ கோட்டையே அழித்துவிட்டது. நம் குருதிக்குச் செந்நிறம் தந்து ஆக்சிஜனைச் சுமப்பது இரும்பு. இலையின் பச்சையத்தின் நடுவே அமர்ந்திருப்பது மக்னீசியம். பி பன்னிரண்டு என்ற உயிர்ச்சத்தின் நடுவே கோபால்டு. அதன் வடிவை 1956-இல் வெளிப்படுத்தியவர் டோரதி ஹாட்ஜ்கின் என்ற பெண்மணி. உயிர்க்குலத்தில் பிறவாதது என்று தள்ளி வைத்த பொருள்கள், உயிரின் கருவறையில் நின்று அதை நடத்துகின்றன! தொடக்கூடாது என்றீர்களே, அவை இல்லாமல் நீங்கள் மூச்சுவிட முடியாது.

நம் நாட்டில் நடந்தது

எஃகு உருக்கும் உலைகள் கொடுமணலில் அகழ்ந்தெடுக்கப்பட்டன. உவர்மண்ணால் துணி வெளுத்தார்கள், சுண்ணாம்பு நீற்றினார்கள், உப்பு விளைவித்தார்கள், வெண்கலம் வார்த்தார்கள். கனிம வேதியியலின் கைத்தொழில் அத்தனையும் இங்கே இருந்தது. அறிவியல் ஏன் வளரவில்லை?

விடை தேடியவர்களுள் ஒருவர் வங்கத்து அறிஞர் பிரபுல்ல சந்திர ரே. அவரும் கனிம வேதியியலாளரே; மெர்க்குரஸ் நைட்ரைட்டு என்ற சேர்மத்தை ஆக்கி 1896-இல் வெளியிட்டவர். இந்திய வேதியியலின் வரலாற்றை 1902, 1909-ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகளாக எழுதினார். சாதி இறுகியபோது கைத்தொழில் தாழ்ந்தோர் வேலை எனத் தள்ளப்பட்டது. நூல் கற்றவன் கையால் தொடுவதை விட்டான். ஏன், எப்படி என்ற வினாவே தேய்ந்தது. பிணத்தைத் தொடுவது தீட்டானபோது உடற்கூற்றறிவும் நலிந்தது. இதுவே அவர் கண்ட காரணம். சொன்னவர் ஈரோட்டுக்காரர் அல்லர், தோழர்களே! குடுவையும் தராசும் பிடித்த வேதியியல் பேராசிரியர்.

தொட்டவனுக்கு எழுத்தில்லை, எழுதினவனுக்குத் தொடுகையில்லை. கொல்லன், குயவன், வண்ணான், உப்பளத்தான் வாயில் துரு, களிம்பு, உவர், காரம், நீறு எனத் தமிழ் வாழ்ந்தது. ஏட்டில் ஏறிய சொல்லோ வேறாக இருந்தது.

தமிழில் வந்த சொற்கள்

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த அமெரிக்கர் சாமுவேல் ஃபிஷ் கிறீன், வேதியியலையும் தமிழுக்குக் கொணர்ந்தார். ‘கெமிஸ்தம்’ 1875-இல் வெளிவந்தது. அவர் மதம் பரப்ப வந்த குழுவினர். அந்த மதம் நமக்குத் தேவையில்லை. ஆனால் ‘தமிழில் முடியும்’ என்று செய்துகாட்டிய துணிவு தேவை. 1916-இல் சேலத்தில் இராசாசி முன்னின்று தமிழ்ச் சாத்திரச் சொற்சங்கம் கண்டனர். 1938-இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கலைச்சொல் தொகுதியை வெளியிட்டது.

நம் இரு பெரும்பிரிவுகளுக்கு வந்த சொற்களைக் கவனியுங்கள். பழைய நூல்களில் அங்ககம், அனங்ககம் என்பர். ஆங்கிலத்தின் உறுப்பு உள்ளது, இல்லாதது என்பதன் நேர் நிழல். ஈழத்துப் பாடநூல்கள் சேதனம், அசேதனம் என்கின்றன. அறிவுணர்வு உள்ளது, இல்லாதது என்பது சொற்பொருள். கற்கண்டுக்கு அறிவுணர்வு ஏது? தமிழ்நாட்டுப் பாடநூல்கள் கரிமம், கனிமம் என்கின்றன. கரிமம் என்ற சொல் கரியைச் சொல்கிறது, உயிரைச் சொல்லவில்லை. கெக்குலே வரையறுத்த பொருளை அது பெயரிலேயே தாங்கி நிற்கிறது! ஆங்கிலப் பெயர் இழக்க முடியாத பழைய குலப்பெயரைத் தமிழ்ச்சொல் களைந்துவிட்டது. கனிமம் என்பது அத்துணைப் பொருத்தமன்று. காற்றிலுள்ள நைட்ரஜன் எந்தச் சுரங்கக் கனி? ஆயினும் தாழ்வு சொல்லாத பெயர் என்ற அளவில் அது மேலானதே.

பிறமொழிச் சொல் என்றால் தீட்டு என்பது நம் கொள்கையன்று. ஆக்சிஜனும் குளோரினும் உலகப் பொதுச்சொற்கள், இருக்கட்டும். தமிழ்ச்சொல் என்றாலே தெளிவு என்பதும் இல்லை. சாதிலிங்கம் தமிழ் வழக்குத்தான். சொல் எந்த ஊரினது என்று கேட்பதும் ஒரு பிறப்பு விசாரணையே. அது பொருளைத் திறக்கிறதா, மூடுகிறதா என்று கேளுங்கள்.

இன்றைய கடைத்தெரு

உயிர் ஆற்றல் ஆய்வுக்கூடத்தில் தோற்றது, கடைத்தெருவில் தோற்கவில்லை. ‘கெமிக்கல் இல்லாத உப்பு’ என விளம்பரம் செய்கிறார்கள். உப்பே சோடியம் குளோரைடு என்ற வேதிப்பொருள்தானே! இயற்கையில் பிறந்தது நன்மை, ஆலையில் பிறந்தது தீமை என்கிறார்கள். பாம்பின் நஞ்சும் இயற்கையே. சாதிலிங்கத்துப் பாதரசமும் இயற்கையே. அந்தப் பாதரசத்தை உருட்டி ரசமணி என்று பெயரிட்டு, நோய் தீரும், செல்வம் சேரும் என்று கழுத்தில் கட்டி விடுகிறார்கள். பூச்சிக்கொல்லி மிகுந்தால் தீமைதான். நிலம் கெடாத வேளாண்மை வேண்டும்தான். ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டியது அளவும் ஆய்வும்; பிறப்பு அன்று.

ஆகவே இளைஞர் மன்றங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் படிப்பகத்தில் அரசியல் ஏடுகளின் அருகே ஒரு வேதியியல் பாடநூலையும் வையுங்கள். மயில்துத்தமும் படிகாரமும் நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும். அறிந்த ஆசிரியர் ஒருவரைத் துணைக்கு அழைத்து, அவை எதனால் ஆனவை என்று ஊராருக்குக் காட்டுங்கள். ஒரு செம்புத் தகட்டை ஈரத்திலும், மற்றொன்றை ஈரம் புகாத கண்ணாடிப் புட்டியிலும் வைத்து, பல திங்கள் கழித்துத் திறந்து காட்டுங்கள். களிம்பு செம்போடு பிறந்ததா, சூழலில் வந்ததா என்று அவர்களே சொல்லட்டும். அதைக் கண்ணால் கண்டவனிடம், ‘நீ பிறவியிலேயே இழிந்தவன்’ என்று இனி எவர் சொன்னாலும், அவன் முதலில் கேட்பது சான்றாகத்தான் இருக்கும்.